மலை மடமும் திராட்சைக் கிராமமும்: ஒரு நாள் சுற்றுலாவில் காசு எங்கே தங்குகிறது?

தொழில் பாடம்



மலைக்கோவில், அருவி, அணை என்று பேர்பெற்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குழுக்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். "பஸ் பஸ்ஸா ஆளுங்க வர்றாங்க, பாக்குறாங்க, போறாங்க. குப்பையை மட்டும் நம்ம ஊர்ல விட்டுட்டுப் போறாங்க. காசு எங்கதான் போகுதுன்னே தெரியலக்கா!"

நியாயமான கேள்விதான். இந்தப் பாடத்தில் அதற்குப் பதில் தேடப் போகிறோம். அதற்காக ரொம்ப தூரத்தில் இருக்கிற ஒரு நாட்டுக்கு, மனதாலேயே ஒரு நாள் சுற்றுலா போய்விட்டு வருவோம். வேறு ஊர்க் கதை என்றால் அலசிப் பார்ப்பது சுலபம். நம் ஊர் என்றால், "அவங்க கடை, இவங்க கடை" என்று மனஸ்தாபம் வந்துவிடும், இல்லையா?

நாம் போகிற நாடு ஆர்மீனியா.

எங்கே இருக்கிறது இந்த நாடு?

சென்னை பாரிமுனைப் பக்கம் போனவர்கள் அரண்மனைக்காரன் தெருவைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தேடினாலும் அரண்மனை கிடைக்காது. 'ஆர்மீனியன்' என்ற சொல்தான் நம் ஜனங்கள் வாயில் 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. வியாபாரத்துக்காக வந்து தங்கிய ஆர்மீனியர்கள் கட்டிய தேவாலயம் இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது. பரங்கிமலைக்கு ஏறும் கல்படிகளைக் கட்டிக்கொடுத்தவரும் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர்தான். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் முதல் பத்திரிகை அச்சானது எங்கே தெரியுமா? நம் சென்னையில்தான், 1794-ல்.

ஆர்மீனியா ஈரானுக்கு வடக்கே, துருக்கிக்குக் கிழக்கே இருக்கிறது. கடலே இல்லாத மலை நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டின் கால் பங்குகூட வராது. ஜனத்தொகை ஏறக்குறைய 30 லட்சம். தலைநகரம் எரவான். அங்கிருந்து காலையில் வேனில் கிளம்பி, மலையிலுள்ள துறவு மடத்தையும் திராட்சை மது செய்யும் ஆலையையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புகிற ஒரு நாள் சுற்றுலா அங்கே ரொம்பப் பிரபலம். வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார்.

"மது ஆலையா? அதைப் பத்தி நம்ம செய்திமடல்ல எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், அதையும் பேசத்தான் போகிறோம்.

காலை: கிணற்றுக்குள் விழுந்த ரொட்டி

எரவானிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் முதல் நிறுத்தம், கோர் விராப் மடம். சின்னக் குன்றின் மேல் நிற்கிறது. அதற்கு நேர் எதிரே, பனி மூடிய அராரத் மலை. உயரம் 5,137 மீட்டர். ஆர்மீனியர்கள் தங்கள் தாய்வீடு போல நினைக்கிற மலை அது. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம், துருக்கியில் இருக்கிறது. கண்ணால் பார்க்கலாம், நடந்து போக முடியாது.

'கோர் விராப்' என்றால் ஆழமான குழி. கிரிகோரி என்ற துறவியை அரசன் இந்தக் குழிக்குள் 13 வருஷம் அடைத்து வைத்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அத்தனை வருஷம் அவர் எப்படி உயிரோடு இருந்தார்? ஒரு விதவைப் பெண் யாருக்கும் தெரியாமல் தினமும் ஒரு ரொட்டியை உள்ளே போட்டாளாம். பிறகு கிரிகோரி வெளியே வந்தார், அரசன் மனம் மாறினான், 301-ல் நாடே கிறிஸ்தவத்தை ஏற்றது என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. அரசன் பெயரும் துறவி பெயரும் எல்லோருக்கும் தெரியும். ரொட்டி போட்ட அம்மாவை 'ஒரு விதவை' என்று சொல்லிவிட்டு வழிகாட்டி அடுத்த கதைக்குப் போய்விடுவார். நாம் அந்த அம்மாவை மறக்க வேண்டாம். இந்தப் பாடத்தின் கடைசியில் திரும்பவும் வருவார்.

இங்கே தேவாலயத்துக்குள் போகப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் மெழுகுத் திரி வாங்கி ஏற்றுவார்கள். அதற்குத் தருகிற காசுதான் மடத்துக்கு வரும்.

குகை: ஆறாயிரம் வருஷத்துத் தொட்டி

வேன் தெற்கே போகிறது. மலைகள் நெருங்கி வருகின்றன. ஆர்ப்பா ஆற்றங்கரையில் இருக்கிற அரேனி என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு குகை.

2007-ல் இந்தக் குகையில் அகழாய்வு தொடங்கியது. உள்ளே, திராட்சையைக் காலால் மிதித்துச் சாறு எடுப்பதற்கான களிமண் தளம், சாறு வடிந்து இறங்குவதற்குத் தரையில் பதித்த தொட்டி, திராட்சை விதை, காய்ந்த கொடி எல்லாம் கிடைத்தன. வயது ஏறக்குறைய 6,100 வருஷம்! முழு அமைப்போடு கிடைத்த மது தயாரிப்பு இடங்களில் இதுவே மிகப் பழையது என்று 2011-ல் அறிவித்தார்கள்.

அதே குகையில் 2008-ல் ஒரு தோல் செருப்பு கிடைத்தது. ஒரே துண்டு மாட்டுத்தோலில் தைத்து, வாரால் இழுத்துக் கட்டியது. வயது 5,500 வருஷம். உள்ளே புல் அடைத்து வைத்திருந்தார்கள். இவ்வளவு காலம் அது எப்படி மக்காமல் இருந்தது? குகை குளிர்ச்சியாகவும் ஈரமில்லாமலும் இருந்தது. மேலே ஆட்டுப் புழுக்கை கெட்டியாகப் படிந்து மூடியிருந்தது. சாணத்தின் அருமை நமக்குத் தெரியாதா என்ன! அந்தச் செருப்பை மண்ணிலிருந்து கண்டெடுத்தவர் டயானா சர்தார்யான் என்ற பெண். அப்போது அவர் ஆராய்ச்சி மாணவி.

மதியம்: சிவப்பு மலைக்குள் ஒரு மடம்

குகையைத் தாண்டினால் குறுகலான பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செங்கல் நிறப் பாறைகள் சுவர் போல நிற்கின்றன. எட்டு கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் நோராவாங்க் மடம். 'புது மடம்' என்று அர்த்தம். பெயர்தான் புதுசு, 1205-ல் தொடங்கியது.

இங்கே எல்லோரும் பார்க்க வருவது இரண்டு அடுக்குத் தேவாலயம். 1339-ல் கட்டி முடித்தார்கள். மோமிக் என்ற சிற்பியின் கைவேலை. கீழ் அடுக்கு கல்லறை, மேல் அடுக்கு வழிபாட்டு இடம். மேலே போவதற்குச் சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள். ஒரு ஆள்கூடச் சிரமப்பட்டுத்தான் ஏற வேண்டும். கைப்பிடி கிடையாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். 1990-களில் இந்த மடத்தைப் பழுது பார்த்து எடுத்துக் கட்டினார்கள்.

மடத்துக்கும் திராட்சைக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் வழிபாட்டில் திராட்சை மதுவுக்கு இடம் உண்டு. வருஷா வருஷம் ஆகஸ்ட் நடுவில், மாதா திருநாளன்று, புதுத் திராட்சையைத் தேவாலயத்தில் வைத்து ஆசீர்வாதம் செய்வார்கள். அதற்கு முன்னால் அந்த வருஷத்துத் திராட்சையை வாயில் வைக்காத குடும்பங்கள் உண்டு. நம் வீடுகளில் பொங்கலுக்கு முன்னால் புது அரிசி தொடாத பெரியவர்கள் இருந்தார்களே, அது மாதிரி.

சாப்பாடு: ஒரு அடுப்பு, நாலு பெண்கள்

மதிய உணவில் கட்டாயம் இருப்பது 'லவாஷ்' ரொட்டி. மெல்லிசாக, பெரிதாக, மேல்துண்டு போல இருக்கும். இதை ஒருத்தியாகச் செய்வது கஷ்டம். ஒருவர் மாவு உருட்ட, ஒருவர் தேய்த்து விரிக்க, ஒருவர் அதை நீளமான மெத்தைத் திண்டில் இழுத்துப் போட்டு, தரையில் பதித்த மண் அடுப்பின் உள்சுவரில் பட்டென்று அறைந்து ஒட்டுவார். ஒரு நிமிஷத்துக்குள் வெந்துவிடும். இன்னொருவர் கம்பியால் எடுப்பார். பாட்டி, மகள், மருமகள், பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் கூடி உட்கார்ந்து செய்கிற வேலை. காயவைத்து அடுக்கினால் மாதக்கணக்கில் கெடாது. தண்ணீர் தெளித்தால் திரும்ப மெத்தென்று ஆகிவிடும். 2014-ல் இந்த ரொட்டி செய்யும் முறையை யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது.

சில இடங்களில் சுற்றுலா வருகிறவர்கள் கண் முன்னாலேயே ரொட்டி சுட்டுக் காட்டுவார்கள். எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி: அந்த அடுப்படிச் சூட்டில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு எவ்வளவு?

மாலை: ஆலையும் சாலையோர மேஜையும்

இப்போது அரேனி கிராமம். இங்கே விளையும் கறுப்புத் திராட்சைக்கு ஊர்ப் பெயரேதான், அரேனி. தோல் தடிமன். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே விளைவதால் மெதுவாகப் பழுக்கும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடை.

சோவியத் காலத்தில் இங்கே நிலம் அரசுப் பண்ணைகளிடம் இருந்தது. ஆர்மீனியாவின் திராட்சையில் பெரும்பகுதி பிராந்தி செய்யப் போனது. 1985-ல் மாஸ்கோ அரசு மதுவுக்கு எதிராக இயக்கம் நடத்தியபோது பல இடங்களில் கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள். 1991-ல் நாடு தனியானது. நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக மூன்று, மூன்றரை ஏக்கர். நிலம் கைக்கு வந்தது. ஆனால் விளைச்சலை வாங்க ஆள்? சொன்ன விலைக்கு விற்க வேண்டிய நிலைமை. அதன் பிறகுதான் சிறிய ஆலைகள் முளைத்தன, வெளியூர் ஆட்கள் வந்தார்கள். 2009-ல் அரேனியில் அக்டோபர் திராட்சை மதுத் திருவிழா தொடங்கியது.

வேன் ஆலையில் நிற்கும். பெரிய தொட்டி, பீப்பாய், பழைய மண் ஜாடி எல்லாம் காட்டுவார்கள். நசுக்கிய திராட்சையை ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது, நிறம் தோலிலிருந்து வருகிறது என்று விளக்குவார்கள். சின்ன டம்ளரில் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். வெளியே வரும்போது கையில் ஒரு பாட்டில் இருக்கும்.

ஆலைக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக மேஜைகள். அவற்றின் மேல் கோலா பாட்டில்கள். உள்ளே கோலா இல்லை, வீட்டில் செய்த திராட்சை மது! இந்தச் சாலை ஈரானுக்குப் போகிறது. அங்கே மதுவுக்குத் தடை. லாரி ஓட்டுகிறவர்கள் மறைத்துக் கொண்டுபோக வசதியாக இருக்கட்டும் என்றுதான் கோலா பாட்டில் என்று வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். காலி பாட்டில் சும்மா கிடைக்கும் என்பதும் ஒரு காரணம்தானே!

ஒரே ஊர், ஒரே திராட்சை. ஆனால் ஆலைப் பாட்டிலுக்கு நல்ல விலை, மேஜைப் பாட்டிலுக்கு அதைவிட ரொம்பக் குறைவு. ஏன்?

யோசித்துப் பாருங்கள். ஆலைப் பாட்டிலில் யார் செய்தது, எந்த வருஷத்துத் திராட்சை என்று எழுதியிருக்கிறது. மேஜைப் பாட்டிலில் ஒன்றும் இல்லை. ஆலையில் நிழலில், குளிர்ச்சியில் வைத்திருக்கிறார்கள். மேஜையில் நாள் முழுக்க வெயில் அடிக்கிறது, சரக்கு கெடும். ஆலையில் ருசி பார்க்கலாம், உட்காரலாம். முக்கியமாக இன்னொன்று, ஆலையில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது. சிரிக்காதீங்க! நாலு மணி நேரம் வேனில் வருகிற பொம்பளைங்களுக்குத் தெரியும் அந்த அருமை. கழிப்பறை இருக்கிற இடத்தில்தான் வண்டி நிற்கும். வண்டி நின்றால்தான் வியாபாரம்.

காசு போகும் பாதை

இப்போது கணக்குக்கு வருவோம். சுற்றுலா வந்தவர் ஒரு நாளில் செலவழிக்கும் பணம் ஐந்து இடத்துக்குப் போகிறது.

1. சுற்றுலா கம்பெனி: வேன், டீசல், ஓட்டுநர், வழிகாட்டி சம்பளம், ஆபீஸ் செலவு, லாபம். இந்தப் பணம் தலைநகரத்திலேயே நின்றுவிடுகிறது. பயணம் கிளம்புவதற்கு முன்பே கட்டிவிடுகிறார்கள்.

2. மடம்: மெழுகுத் திரி, காணிக்கை. எல்லோரும் பார்க்க வந்ததே மடத்தைத்தான். ஆனால் குறைந்த பணம் தருவது அங்கேதான்.

3. சாப்பாட்டுக் கடை: மாவு, காய்கறி, இறைச்சி பக்கத்து ஊரில் வாங்கினால் காசு பக்கத்து ஊரில் சுற்றும். நகரத்திலிருந்து கொண்டுவந்தால் நகரத்துக்கே திரும்பும்.

4. ஆலை: விற்கிற பாட்டிலில் ஒரு பங்கு, திராட்சை கொடுத்த விவசாயிக்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்பது அவர் தனியாகப் பேரம் பேசுகிறாரா, நாலு பேர் சேர்ந்து பேசுகிறார்களா என்பதைப் பொறுத்தது.

5. சாலையோர மேஜை: இங்கே இடைத்தரகர் கிடையாது. வருகிற காசு முழுக்க வீட்டுக்கு. ஆனால் வண்டி நிற்பதில்லை.

பத்து மணி நேரப் பயணத்தில் போக வர மட்டும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். மடம், குகை, ஆலை எல்லாம் போக, ஊர்ச் சனங்களோடு நின்று பேச அரைமணிகூட மிஞ்சாது. அந்த அரைமணிக்குள் ஊரில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஊருக்குக் காசு.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை

பொறுங்கள் என்று சொன்னேன் அல்லவா, இப்போது பேசுவோம். குடியால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சேமிப்புப் பணம் போனது, தாலி அடகுக்குப் போனது, அடி வாங்கியது எல்லாம் குழுக் கூட்டத்தில் கண்ணீரோடு கேட்ட கதைகள். எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பீங்கான் தட்டில் வைத்துக் கொடுத்தாலும், பழைய குகைக் கதை சொல்லிக் கொடுத்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். நம் ஊரில் வீட்டில் மது செய்து விற்பது சட்டப்படி குற்றமும் கூட.

ஆகையால் நாம் பார்க்க வேண்டியது பாட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பதை. அதே சாலையோர மேஜையில் வேறு சரக்கும் தொங்கும். அக்ரூட் பருப்பை நூலில் கோத்து, மாவும் பட்டை கிராம்பும் சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் பலமுறை முக்கி, மாலை மாதிரி தொங்கவிட்டுக் காயவைத்த இனிப்பு. பெயர் சுஜுக். போதை துளியும் கிடையாது. சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் பாகு. இளம் இலையை உப்பில் போட்டு வைத்தால், அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டுகிற தோல்மா என்ற பலகாரத்துக்கு ஆகும். உலர்த்தினால் கிஸ்மிஸ். புளிக்கவைத்தால் வினிகர். ஒரு கொடியில் எத்தனை பொருள் பாருங்கள்! இவற்றில் பெரும்பாலானவை பெண்கள் வீட்டில் செய்பவை.

இன்னொரு பலனும் உண்டு. 2020-ல் கொரோனா வந்து உலகம் முழுக்கச் சுற்றுலா நின்றது. அதே வருஷம் அந்த நாட்டில் போரும் நடந்தது. வேன் வரவில்லை என்றால், ருசி பார்க்கும் கூடத்தில் வியாபாரம் இல்லை. காய்ந்த ரொட்டியும் உலர்ந்த இனிப்பும் அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும், வேறு ஊருக்கும் அனுப்பலாம். வருகிறவரை மட்டும் நம்பித் தொழில் வைக்கக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

பாடத்தின் சாரம்

• வருகிறவர் எதைப் பார்க்க வருகிறாரோ அங்கே காசு நிற்பதில்லை. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கிறது.

• நிழல், தண்ணீர், சுத்தமான கழிப்பறை இவையும் முதலீடுதான்.

• பொருளின் மேல் செய்த குழுவின் பெயர், செய்த தேதி, எடை, விலை இருக்க வேண்டும். உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். முகவரி இல்லாத பொருளை வாங்குகிறவர் பேரம் பேசித்தான் வாங்குவார்.

• பத்து மேஜையில் ஒரே பொருளை வைத்துப் போட்டி போட்டால் விலை இறங்கும். பத்துப் பேர் பிரித்துக்கொண்டு பத்துப் பொருள் வைத்தால் எல்லோருக்கும் வியாபாரம்.

• செய்து காட்டுவதும் வேலைதான். போட்டோவுக்கு உட்கார்ந்தாலும் கூலி பேசிவிட்டு உட்காருங்கள்.

குழுவில் பேசுங்கள்

1. நம் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ வெளியாட்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? வண்டி எங்கே நிற்கிறது? எவ்வளவு நேரம்?

2. அவர்கள் வாங்கிப் போகும் பொருளில் நம் ஊரில் செய்தது எத்தனை? வெளியிலிருந்து வந்தது எத்தனை?

3. நம் ஊரில் விளையும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கெடாமல் இருக்கக்கூடிய மூன்று பொருள் என்னென்ன செய்யலாம்?

4. கூட்டமைப்பு மூலம் சேர்ந்து செய்ய வேண்டியது எது? ஒவ்வொரு குழுவும் தனியாகச் செய்யக்கூடியது எது?

செய்து பாருங்கள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் குழுவில் இரண்டு பேர் வண்டி நிற்கும் இடத்தில் காலை முதல் மாலை வரை உட்காருங்கள். எத்தனை வண்டி வந்தது, எத்தனை நிமிஷம் நின்றது, எதைக் கேட்டார்கள், எது கிடைக்காமல் போனார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடன் கேட்டு மனு எழுதுவதற்கு முன்னால் இந்த நோட்டு கையில் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, கோர் விராப் குழிக்குள் தினமும் ரொட்டி போட்ட அந்த அம்மா. பதின்மூன்று வருஷ உழைப்பு, ஆனால் அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் குழு செய்கிற ஊறுகாய்ப் பாட்டிலில் நம் குழுவின் பெயரை நாமே எழுதி ஒட்டுவோம், சகோதரிகளே. அடுத்த பாடத்தில் சந்திப்போம்.